அவர் பேரில் ஏறிய மைல்கள்

— மறைக்காம சொல்லுக்கா. போன வாரம் விமானத்துல உன் பக்கத்து சீட்ல யாரு உக்காந்திருந்தாங்க?

— யாருமில்லடி குட்டி, காலியாத்தான் இருந்துச்சு. இதைக் கேக்கவா என்னை ஏர்போர்ட்டுக்கு வரச் சொன்னே? என்னமோ ஏதோன்னு அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்தேன்.

— கதவைச் சாத்து. எங்க ஏர்லைன்ஸ் ஸ்டாஃப் ரூம் இது, யாராவது வந்துட்டே இருப்பாங்க. இப்படி லாக்கர் பக்கம் வந்து உக்காரு. அந்தக் காலி சீட்டு யார் பேர்ல இருந்துச்சு?

— யார் பேர்ல இருந்தா என்ன?

— அக்கா.

— உன் மாமா பேர்ல.

— செத்து ரெண்டு வருஷம் ஆன புருஷன் பேர்ல டிக்கெட் போட்டிருக்கே.

— மெதுவாப் பேசுடி. பறக்கப் பறக்கக் கணக்குல ஏறுமே, இலவச டிக்கெட் எடுக்கற மைல், அவரோடது எல்லாம் காலாவதி ஆகப்போகுதுன்னு மெயில் வந்துச்சு. அந்தக் கணக்குல ஒன்றரை வருஷமா ஒண்ணும் நடக்கலியாம். ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் மைல்! எப்படிச் சேத்தாருன்னு உனக்குத் தெரியாதா? ஒரு மணி நேரத்துல போற ஊருக்கு மூணு விமானம் மாறி, முதுகு உடைஞ்சு இறங்குவாரு. ஏன் இப்படின்னு கேட்டா, "நேரா போனா ஒரு பங்கு, சுத்திப் போனா மூணு பங்கு"ன்னு சிரிப்பாரு. அதைப் போய் அழிய விடுவேனா?

— அதுக்கு ஒரு பேனா வாங்கியிருந்தா போதுமே! எங்க கம்பெனி வெப்சைட்ல அந்தக் கணக்குல எதை வாங்கினாலும் மைல் பிழைச்சுக்கும். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?

— தெரியும். அவரே நோட்டுல எழுதி வச்சிருக்காரு.

— தெரிஞ்சுமா பறந்தே? ஒன்பது தடவை! காலைல போய் சாயங்காலம் வந்திருக்கே. போன ஊர்ல ஏர்போர்ட்டை விட்டு வெளியகூட வரல.

— வெளிய வந்து நான் யாரைப் பாக்கப் போறேன்?

— அப்ப எதுக்குப் போனே?

— சிரிக்கக் கூடாது.

— எனக்குச் சிரிப்பு வர்ற நிலைமை இல்லக்கா.

— மொத தடவை மைலுக்காகத்தான் போனேன். பஸ் டிக்கெட் விலைக்கு ஒரு சலுகை வந்துச்சு. ரெண்டு பேருக்கும் வீட்லேயே செக்-இன் பண்ணி, ரெண்டு போர்டிங் பாஸையும் கைப்பையில வச்சுக்கிட்டேன். கேட்ல கூட்டம் போகட்டும்னு கடைசி ஆளா நின்னேன். அப்ப மைக்குல ஒரு பொண்ணு அவரைக் கூப்பிட்டா. முழுப் பேரு, இனிஷியலோட. "உடனே வரவும்"னு மூணு தடவை. அவர் போனதுலேர்ந்து அந்தப் பேரை யாரும் வாய் விட்டுச் சொல்லலடி. வீட்டுக்கு வர்றவங்க "பாவம், அவரு"ம்பாங்க, அதோட சரி. இங்க அத்தனை பேர் நடுவுல, உயிரோட இருக்கறவரைக் கூப்பிடற மாதிரி கூப்பிட்டாங்க. இங்கதான் எங்கயோ காபி வாங்கப் போயிருக்காரு, வந்துடுவாருங்கற மாதிரி.

— அதைக் கேக்கத்தான் மறுபடி மறுபடி போனியா?

— பைத்தியம்னு சொல்லிக்கோ. என்னமோ போ, ஆறுதலா இருந்துச்சு.

— ஒன்பது தடவையும் கூப்பிட்டாங்களா?

— எங்க? மொத ரெண்டு பயணத்தோட சரி. அப்புறமும் கடைசி ஆளா நின்னு நின்னு பாத்தேன். "எல்லாரும் ஏறியாச்சு, நீங்களும் ஏறுங்கம்மா"ன்னு என்னைத்தான் விரட்டுனாங்க. நீங்கதான் ஏதோ ரூலை மாத்திட்டீங்கன்னு நெனைச்சேன்.

— எந்த ரூலும் மாறல. செக்-இன் பண்ணிட்டு வராத ஆளைக் கூப்பிட்டே ஆகணும். கூப்பிடலேன்னா ஒரே காரணம்தான். ஆள் வந்தாச்சு.

— என்னடி உளர்றே?

— இந்தத் தாளைப் பாரு. மைல் பிரிவுல என் ஃப்ரெண்டு எடுத்துக் கொடுத்தா. டிக்கெட் வாங்கிட்டா மட்டும் மைல் ஏறாது. கேட்ல பாஸை ஸ்கேன் பண்ணி ஆள் உள்ள போனாத்தான் ஏறும். மொத ரெண்டு பயணத்துக்கு நேரா என்ன போட்டிருக்கு?

— "வரவில்லை".

— மூணாவதுலேர்ந்து படி.

— "ஏறினார்". "ஏறினார்". "ஏறினார்"... குட்டி, இது மெஷின் கோளாறுடி.

— நானும் அப்படித்தான் நெனைச்சேன். ஒரு மெஷின் ஒரு தடவை தப்புப் பண்ணும். போக வர பதினாலு தடவை, நாலு ஏர்போர்ட்ல பண்ணுமா? நேரத்தைப் பாரு. நீ ஸ்கேன் பண்ணின அடுத்த நிமிஷம் அவரோடது. ஒவ்வொரு தடவையும் உனக்குப் பின்னாடியே.

— அவரோட பாஸ் என் பையிலதானே இருந்துச்சு?

— காபியைச் சிந்தறே பாரு. அந்தக் கப்பைக் கீழ வை.

— பயத்துல இல்லடி. ஒண்ணு சொல்றேன், நம்புவியா? நாலாவது பயணத்துலேர்ந்து எனக்கு ரெண்டு டம்ளர் தண்ணி வைக்க ஆரம்பிச்சாங்க. நான் கேக்கல. நல்ல மனசுன்னு விட்டுட்டேன். போன வாரம் ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு குனிஞ்சு, மெதுவா, "சார் நல்லாத் தூங்கறாரு, போர்வை தரட்டுமா?"ன்னா. திரும்பிப் பாத்தேன். காலி சீட்டு. பெல்ட் மட்டும் மாட்டியிருந்துச்சு.

— மாட்டியிருந்துச்சா?

— தட்டையா இல்லடி. அவருக்குத் தொந்தி இருக்குமில்ல, அந்த அளவுக்கு முன்னாடி தள்ளி நின்னுச்சு.

— ஐயோ! இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?

— சொன்னா நிறுத்துன்னு சொல்வீங்க.

— கேட் கேமராவை நான் பாத்தேன்க்கா. நீ உள்ள போறே. ஒரு நிமிஷம் யாருமே இல்ல. அப்புறம் மெஷின்ல பச்சை லைட் எரியுது. எங்க ஆளு வெறும் காத்தைப் பாத்து வணக்கம் சொல்றான். அவன்கிட்ட நைசா கேட்டேன், கடைசியா வந்தது யாருடான்னு. "ஒரு பெரியவரு, மூச்சு வாங்க ஓடி வந்தாரே"ங்கறான்.

— ஓடி வந்தாரா? அவரா? ஓடவே கூடாதுன்னு டாக்டர் சொன்ன மனுஷன்டி. மாடிப்படியையே நின்னு நின்னுதான் ஏறுவாரு.

— அன்னிக்கு ஓடினாருக்கா.

— என்னிக்கு?

— அந்தக் கடைசி நாள். கேட்ல சும்மா உக்காந்திருந்தப்ப சாஞ்சுட்டாருன்னு உன்கிட்ட சொன்னது பொய். அன்னிக்கு ஒரு டிக்கெட் விலை வந்துச்சு. யாரோ ஒரு பூஜ்யத்தை விட்டுட்டுப் போட்ட விலை. மைல் மட்டும் முழுசா கிடைக்கும். அதைக் கண்டுபிடிச்சதும் நான்தான், அவருக்கு போன் பண்ணினதும் நான்தான். டிராஃபிக்ல மாட்டி லேட்டா வந்தாரு. "மூச்சு முட்டுது, விட்டுடட்டுமா குட்டி?"ன்னு போன்ல கேட்டாரு. "விடாதீங்க மாமா, கேட்டை நான் பிடிச்சு வச்சிருக்கேன், ஓடி வாங்க"ன்னேன்.

— அப்புறம்?

— அந்த நீளக் காரிடார் முழுக்க ஓடி வந்தாரு. எனக்கு நாலடி தூரத்துல விழுந்தாரு. விழுந்தப்பவும் போர்டிங் பாஸை என் பக்கமாத்தான் நீட்டிக்கிட்டு இருந்தாரு.

— ரெண்டு வருஷமா இதை மனசுல பூட்டியா வச்சிருந்தே?

— சொல்லத்தான் வந்தேன். நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீயாவது பக்கத்துல இருந்தியே"ன்னு அழுதே. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்ல?

— அடிப் பைத்தியமே. நீ வேண்டாம்னு தடுத்திருந்தாலும் ஓடியிருப்பாரு. இலவசமா மைல் கிடைக்கும்னா நெருப்புல நடக்கற ஆளு. கண்ணைத் துடை. எனக்கு உன்மேல கோபம் இல்ல. அவருக்கும் இருக்காது.

— இருக்காதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— இருபது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், தெரியாதா?

— கேளுக்கா. உன்னை வரச் சொன்னது இதுக்கும் இல்ல. இன்னிக்குக் காலைல அந்தக் கணக்குல இருந்த மைல் மொத்தமும் காலி. யாரோ டிக்கெட் எடுத்திருக்காங்க.

— நான் எடுக்கலியே!

— நீ எடுக்கலேன்னு தெரியும். ரெண்டு பேருக்கு, முதல் வகுப்பு, போறதுக்கு மட்டும். அன்னிக்கு அவர் பிடிக்க ஓடின அதே விமானம், அதே நம்பர். அந்த விமானத்தை நிறுத்தியே ஒரு வருஷம் ஆச்சு. ஆனா இன்னிக்கு மூணே முக்காலுக்குன்னு பட்டியல்ல வந்திருக்கு. கேட்கூட ஒதுக்கியாச்சு.

— ரெண்டு பேருக்கா?

— அவசரப்படாத, நான் முழுசா சொல்லிடறேன்...

— "மிக்ஸிக்கும் சூட்கேஸுக்கும் மைலைக் கரைக்கறவன் மடையன். மொத்தமா சேத்து வச்சு உன்னைக் கால் நீட்டிப் படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போறேன் பாரு"ம்பாரு. எத்தனை வருஷம் சொன்னாரு! பக்கத்து ஊருக்காவது கூட்டிட்டுப் போனாரா? இப்பத்தான் மனசு வந்திருக்கு. மணி என்னடி?

— மூணு பத்து. எங்க எழுந்திருக்கே? உக்காருக்கா.

— இந்தப் பழைய துணியிலயா முதல் வகுப்புல போறது? பரவால்ல, அவர் பாக்காத துணியா? தலையைச் சீவிக்கட்டுமா? உன்கிட்ட சீப்பு இருக்கா?

— அக்கா, ப்ளீஸ்.

— பயப்படாதடி. எனக்குத் துளிகூடப் பயம் இல்ல. கல்யாணமான புதுசுல வாசல்ல அவர் வண்டிச் சத்தம் கேட்டா கண்ணாடி முன்னாடி ஓடுவேன், அப்படித்தான் இருக்கு. இந்தா, வீட்டுச் சாவி. பால்கனியில இருக்கற தொட்டிக்கெல்லாம் தண்ணி ஊத்திடு. கேட் வரைக்கும் கூட வந்து என்னை வழியனுப்பிட்டா போதும்.

— சாவியை நீயே வச்சுக்கோ.

— போறவளுக்கு எதுக்குடி வீட்டுச் சாவி?

— ரெண்டாவது டிக்கெட் உன் பேர்ல இல்லக்கா. என் பேர்ல இருக்கு.