வெர்லாக்கில் எனக்கொரு மரம்

— கடமலைக்குண்டுக்கு நான் எதுக்குடா போகணும்?

— மூணே நாளுதான்க்கா. சின்னம்மா மக வீட்டுல இருந்துட்டு வா. ஜீப்புக்குச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில பிரான்சுக்காரவுக பத்துப் பேரும் குமுளி வழியா கம்பத்துல வந்து எறங்குறாக. மண்டபத்துல வரவேற்பு. அவுக கிளம்புனதும் நானே வந்து ஒன்னயக் கூட்டியாரேன்.

— அந்த மண்டபத்துல நான் இருந்தா என்ன?

— தெரிஞ்சுக்கிட்டே கேக்காதக்கா.

— முப்பத்தோரு வருசம் இங்கிலீசு டீச்சரா இருந்தவ நான். கேட்டா பதில் வாங்காம விடமாட்டேன். சொல்லு சுந்தர்ராஜ்.

— அவுகளப் பொறுத்தவரைக்கும் நீ இல்ல.

— இல்லன்னா? முழுசாச் சொல்லு.

— செத்துட்ட.

— எந்த வருசம்?

— ரெண்டாயிரத்து மூணு.

— என்ன சீக்கு?

— மாரடைப்புன்னு சொன்னேன். விடுக்கா, ஏதோ கிறுக்குல செஞ்சிட்டேன்.

— படுக்கையில கெடத்தி இழுக்க விடாம ஒரேயடியாக் கொண்டு போனியே, கூடப் பொறந்த பாசம். சரி, மேல சொல்லு. தொண்ணூத்தேழுல பிரான்சுல இருக்கிற வெர்லாக் நகரசபைக்கு மொதக் கடிதாசி எழுதுனது யாரு?

— நீதான்.

— என்னன்னு எழுதுனேன்?

— ஒங்க ஊரும் திராட்சை, எங்க ஊரும் திராட்சை. ரெண்டு ஊரும் சகோதரி ஊரா இருந்தா என்னன்னு.

— அந்த ஊரு மார்த்தா அதுக்குப் பதில் போட்டா. ஒங்க ஊருல கொடியப் பந்தல்ல ஏத்துறீகளாமே, எங்க ஊருல இடுப்பு ஒசரந்தான், குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சுன்னு எழுதியிருந்தா. அங்கன தொடங்கி ஆறு வருசம். மாசம் ரெண்டு கடிதாசி. புருசன் செத்த அன்னைக்கு அவ ஒக்காந்து எழுதுனது எனக்குத்தான். அந்தச் சகோதரி ஊருச் சங்கத்துக்கு ஒன்னயத் தலைவராப் போட்டது யாரு?

— நீதான்க்கா.

— எதுக்கு?

— என் உரக்கடையில போன் இருக்குன்னு.

— அதுக்காகத்தான். வேற ஒரு தகுதியும் ஒனக்கு இல்ல. பெறகு வெர்லாக்குக்கு வரச்சொல்லி ரெண்டு பேருக்கு டிக்கெட் அனுப்புனாக. மொதப் பேரு என் பேரு. நீ என்னடா சொன்ன என்கிட்ட?

— அறுவது தாண்டுனவுகளுக்கு விசா குடுக்க மாட்டாகளாம்னு சொன்னேன்.

— நம்புனேன். பன்னீர் திராட்சையில ஜாம் கிண்டி, பாட்டில்ல போட்டு, மார்த்தாகிட்டக் குடுடான்னு ஒன் கையில குடுத்துவிட்டேன். அதக் குடுக்கையில என்ன சொன்ன?

— வேண்டாம்க்கா.

— என்ன சொன்னன்னு கேட்டேன்.

— அக்கா கடைசியாப் போட்டதுன்னு.

— அழுதாளா?

— பாட்டிலத் தெறக்கவே இல்ல. நெஞ்சோட சேத்து வச்சுக்கிட்டாக.

— எனக்குக் காய்ச்சல்னு சொல்லியிருக்கலாம்ல? காலு ஒடிஞ்சுபோச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல?

— மொதல்ல காய்ச்சல்னுதான் போன்ல சொன்னேன். அப்பன்னா கஸ்தூரிக்கு நல்லாகுறவரைக்கும் தேதியத் தள்ளி வைப்போம்னுட்டாக. சண்முகத்தாயி அதுக்குள்ள ஸ்வெட்டர் வாங்கிட்டா, தெருப்பூரா சொல்லியும் வச்சிட்டா. சாவுக்குத்தான்க்கா தேதி தள்ள மாட்டாக.

— ஒம் பொண்டாட்டி பிளேன் ஏறுறதுக்கு நான் பாடை ஏறியிருக்கேன்.

— நீ சொல்றது எல்லாம் ஞாயம்.

— அதுக்கப்புறம் நான் எழுதுன பதினாலு கடிதாசி?

— கடையில இருக்கு.

— சங்கத்துத் தபாலுன்னு ஒன் கையில குடுத்தேன். அதெல்லாம் ஒன் மேசை டிராயரத் தாண்டல. பதில் வரலயேன்னு ரெண்டு வருசம் தபால்காரன் வர்ற நேரத்துக்கு வாசல்ல நின்னேன். நாம என்ன எழுதி அவ மனசு புண்பட்டுச்சோன்னு பழைய நகலெல்லாம் எடுத்துப் பார்த்தேன்டா. நான் தப்பே செய்யலங்கிறத எனக்குச் சொன்னது யாரு தெரியுமா? சண்முகத்தாயி.

— அவ சொல்லலயே.

— போன தீவாளிக்கு, வெர்லாக்குல எடுத்த ஆல்பத்தக் கொண்டாந்து காமிச்சா. ஒரு செர்ரி மரக்கன்னு, அதுக்கடியில ஒரு கல்லு. அதுல என் பேரு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்திரெண்டு, ரெண்டாயிரத்து மூணு. படிக்கத் தெரியாத பாவம், கல்லு அழகா இருக்குன்னு பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நின்னுருக்கா. எப்பிடி இருக்கு மதினின்னு என்னயவே கேட்டா. நல்லாருக்குன்னேன்.

— தீவாளிக்கேவா? ஐப்பசியில இருந்து ஒனக்குத் தெரியுமா?

— தெரியும். அன்னைக்கே சொன்னா, சித்திரையில அவுக வாராக, மார்த்தாதான் தலைமைன்னு. அன்னைக்கு ராத்திரி பேனாவக் கையில எடுத்தேன். நான் உசுரோட இருக்கேன்னு ஒரு வரி போதும். பெறகு மூடி வச்சிட்டேன்.

— எழுதியிருக்கலாமேக்கா.

— எழுதுனா என்ன ஆகும்? அங்கன அவ ஒருத்திக்குத் தெரியும். நீ இங்கன தப்பா வந்துருச்சு, சரியாக் கேக்கலன்னு ஏதாவது சொல்லித் துண்ட ஒதறிட்டுப் போயிருவ. அது பத்தாது எனக்கு. மண்டபம் நெறைய சனம் இருக்கணும். நீ மைக்க வச்சுப் பேசிக்கிட்டு இருக்கணும். நான் வாசல்ல இருந்து நடந்து வரணும். ஆறு மாசம் ஒவ்வொரு நாளும் அத மனசுல நடந்து பார்த்தேன்டா. எத்தன எட்டுன்னுகூடத் தெரியும்.

— நான் என்னக்கா செய்யணும், சொல்லு.

— பொறந்த வீட்டுக் கோடி எடுத்துட்டு வா.

— அக்கா.

— செத்த பொம்பளைக்குப் பொறந்த வீட்டுச் சேலை போத்தாமப் பாடையத் தூக்க விடுவாகளா? எனக்குன்னு பொறந்த வீட்டுல இருக்கிறது நீ ஒருத்தன். மூணு வருசமாக் கோடி இல்லாமக் கெடக்குறேன். தாம்பாளத்துல வச்சு, கொட்டோட, மெயின் பஜார் வழியாக் கொண்டா. யாருக்குன்னு கேக்குறவுககிட்ட நீயே சொல்லு. அதக் கட்டிக்கிட்டுத்தான் நாளைக்கு மார்த்தாவுக்கு மாலை போடுவேன்.

— கொண்டாரேன்.

— கொட்டோட.

— கொட்டோடயே கொண்டாரேன். தலைவர் பதவிய விட்டுர்றேன். சங்கத்துல எல்லாரு கால்லயும் விழுறேன். செருப்பக் கழட்டி அடிச்சாலும் வாங்கிக்கிறேன். மண்டபத்துக்கு மட்டும் வராதக்கா.

— ஏலே, இம்புட்டுக்கு எறங்கிட்டு அத மட்டும் ஏன்டா பிடிச்சுக்கிட்டு நிக்கிற? மார்த்தா மூஞ்சியில முழிக்கப் பயமா?

— இல்லக்கா.

— பெறகு?

— மண்டபம் முடிஞ்சதும் நம்ம தோட்டத்துக்குத்தான் வாராக. நேத்துல இருந்து கொத்தனார் அங்கன வேலை பாக்குறான்.

— தோட்டத்துல என்னடா கட்டுற?

— ஒன் சமாதி.

— எதுக்கு?

— மார்த்தா தை மாசம் போயிட்டாகக்கா. கஸ்தூரி பக்கத்துல வைக்கணும்னு எழுதி வச்சிட்டுப் போயிருக்காக. அவுக சாம்பலத்தான் நாளைக்குக் கொண்டாராக.