முன் மூன்று பெட்டிகள்

14.22. இரும்பு கழலும் சத்தம். கதவுகள் மூடும் சத்தம். ரயிலின் முன்பாதி தனியே நகர்கிறது. அதில் என் மகள். நான் பின்பாதியிலிருந்து குதித்து மேடையில் ஓடுகிறேன்.

"இறங்கு! துளசி, இறங்கு!"

போய்விட்டது.

ஹம்பேர்க்கில் விமான நிலையம் செல்லும் ரயில் வழியில் இரண்டாகப் பிரியும். முன் மூன்று பெட்டிகள்தான் விமான நிலையத்துக்கு. மற்றவை வேறு பாதையில் போகும். ஒலிபெருக்கியில் சொல்லியிருப்பார்கள். டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து வந்தவள் நான். டெனிஷ் தெரியும். ஜெர்மன் தெரியாது.

ஆனால் அவளை முன்னுக்கும் என்னைப் பின்னுக்கும் ஏற்றியது மொழி அல்ல. நான்தான் ஏற்றினேன்.

வன்னி. போரின் கடைசி மாதங்கள். காலை 6.10. தூரத்தில் பீரங்கி குத்தும் சத்தம். பத்து எண்ணுவதற்குள் செல் விழும். எங்களுக்கு இரண்டு பங்கர். ஒரே செல்லில் முழுக் குடும்பமும் போகக்கூடாது. எல்லோரும் அப்படித்தான் பிரிந்து இருந்தோம். யார் எதற்குள் என்று எழுதி வைத்தவள் நான். கணவரும் மகனும் ஒன்றில். நானும் வயிற்றில் இருந்த துளசியும் மற்றதில்.

"விழுந்து படு!" கணவரின் குரல். எண்ணினேன். ஏழில் அவர்களின் பங்கருக்குள் விழுந்தது.

பாதுகாப்பான இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. நம்பிப் போனோம். அங்கேயே அடித்தார்கள். இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. அடித்தவர்கள் குடும்பத்தோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். நான் பேருந்தில்கூட என் பிள்ளையைப் பக்கத்தில் இருத்துவதில்லை.

14.26. தொலைபேசி. துளசி டெனிஷில் திட்டினாள். லண்டன் விமானத்துக்கு நேரமாகிறது, தனியே ஏறவா என்று கேட்டாள்.

"நில்லு. வாறன்."

14.52. விமான நிலையம். அவள் முகம் சிவந்திருந்தது. இப்போது தமிழில் கேட்டாள்.

"பிளேனிலயும் பிரிச்சோ போட்டிருக்கிறீங்கள்?"

"ஓம். நீ ஒன்பதாம் வரிசை. நான் இருபத்துநாலு."

"நான் பக்கத்தில இருந்தா உங்களுக்கு என்னம்மா?"

இரண்டு பங்கர்களைப் பற்றி அன்றுதான் சொன்னேன்.  அவள் என் பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு விமான நிறுவன மேசைக்குப் போனாள். இருபத்துநாலாம் வரிசையில் இரண்டு இருக்கைகளோடு திரும்பி வந்தாள்.

இழந்தவை. கணவர், வயது முப்பத்தெட்டு. மகன், வயது ஆறு. அவனுடைய ஒரு செருப்பு. மற்றது என்னிடம் இருக்கிறது. மகளோடு பதினாறு வருடப் பயணங்கள். அவற்றில் ஒன்றில்கூட அவள் என் தோளில் சாய்ந்து தூங்கியதில்லை. அதையும் அடித்தவர்கள் கணக்கிலேயே எழுதுகிறேன்.