கடித்தது எங்கள் நாய்

என் பெயர் புசெலெட்சோ மொகேலே. வயது முப்பத்து நான்கு. தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைன் நகரத்தைச் சேர்ந்த தபனெங் குடியிருப்பில், தண்ணீர்த் தொட்டித் தெருவில் வசிக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை செய்கிறேன். யாரும் சொல்லிக்கொடுக்காமலும் மிரட்டாமலும், நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன். நான் வந்திருப்பது என் கணவர் புலேவுக்குத் தெரியாது.

என் மகன் கனனெலோ, எட்டு வயது, சென்ற மாதம் நாய் கடித்து இறந்தான். அதற்காகப் பக்கத்து வீட்டு மொகெதே தாவு காவலில் இருக்கிறார். அவருடைய பிட்புல் நாய் என் மகனைக் கடிக்கவில்லை. கடித்தது எங்கள் நாய்.

மொகெதேயின் நாய்க்கு பிஸ்கட் என்று பெயர். அவருடைய மகள்கள் வைத்தது. அதற்குக் கருத்தடை செய்து, பூட்டுப் போட்ட கூண்டில் வைத்து, மாலையில் வாய்ப்பூட்டு மாட்டித் தெருவில் நடத்திப் பழக்கினார். உட்கார் என்றால் உட்காரும். "வாத்தியாரு வர்றாரு, பின்னாடியே மாணவி வர்றா" என்று தெருவே கேலி செய்யும். எங்கள் நாய் கேப்டன் எந்த இனத்திலும் சேராத பழுப்பு நாய். என் கணவர் வாசலுக்குப் பக்கத்தில் சிமெண்டில் இரும்பு வளையம் பதித்து, குட்டியிலிருந்தே அதைக் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போட்டார். அவிழ்த்ததே இல்லை. சங்கிலியை நீட்டிக் கட்டச் சொன்னால், "பசியும் கோவமும் இருந்தாத்தான்டி நாய் காவல் காக்கும். உனக்கென்ன தெரியும்?" என்பார்.

வேறு ஊர்களில் பிட்புல் நாய்கள் குழந்தைகளைக் கொன்றதாக ரேடியோவில் சொன்ன பிறகு எங்கள் தெருவில் கூட்டம் போட்டார்கள். முதலில் எழுந்து பேசியவர் என் கணவர். "மொகெதே, பெத்த பொண்ணுங்களை விட உனக்கு அந்தப் பேய் பெருசாப் போச்சா? விலங்குக் காப்பகத்துல கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா" என்றார். அதற்கு மொகெதே, "புலே அண்ணே, என் நாய் என்ன சாதின்னு பாக்குறீங்க. உங்க நாய் எப்படி வளருதுன்னும் ஒரு தடவை பாருங்க" என்றார். "எங்க கேப்டன் வெறும் தெருநாய்ப்பா, அதைப் பாத்து எவன் பயப்படுவான்?" என்று கணவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் நாய்க்கு எதுவும் வைக்காமல் வெளியே போய்விட்டார். நான் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். கனனெலோ மிஞ்சிய சோளக்களியைத் தட்டில் எடுத்துக்கொண்டு கேப்டனிடம் போயிருக்கிறான். அலறல் கேட்டு ஓடி வந்தபோது, மொகெதே வேலியைத் தாண்டி வந்து கேப்டனை மண்வெட்டியால் அடித்து விலக்கிக்கொண்டிருந்தார். சங்கிலி அறுந்திருக்கவில்லை. பிஸ்கட் கூண்டுக்குள் இருந்து குரைத்தது. கூண்டு பூட்டியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு மொகெதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் தெருவுக்கு ஓடி, வந்த வண்டி ஒன்றை நிறுத்தினார். பிள்ளையின் வாய் அசைந்தது. அவர் குனிந்து கேட்டு ஏதோ பதில் சொன்னார். நான் வண்டியில் ஏறுவதற்குள் பிள்ளைக்குப் பேச்சு நின்றுவிட்டது. மருத்துவமனை வாசலில் உயிர் போனது.

தெருவில் நின்றவர்கள் மொகெதேயின் சட்டையில் இருந்த இரத்தத்தைத்தான் பார்த்தார்கள். நான் திரும்பி வருவதற்குள் கூண்டை உடைத்து, பிஸ்கட் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியிருந்தார்கள். அதற்குள் வீடு திரும்பிய கணவர் கேப்டனைத் தன் தம்பியின் பண்ணைக்கு ஏற்றி அனுப்பியிருந்தார். அங்கே சுட்டுப் புதைத்ததாகப் பிறகு சொன்னார். "நம்ம நாய்னு சொன்னா செத்த புள்ள எந்திரிச்சு வருவானா? வாயை மூடிக்கிட்டு இரு" என்றார். பிட்புல்தானே என்று காவலர்கள் கேட்டபோது அழுதுகொண்டே தலையை ஆட்டினேன். கடித்தது கேப்டன் என்று மொகெதே சொன்னதை யாரும் நம்பவில்லை; அவரைக் கைது செய்தார்கள்.

அடக்கத்துக்கு முதல் நாள், வருகிறவர்களுக்கான சாப்பாட்டுக்குக் காய் நறுக்க மொகெதேயின் மனைவி டிசெபோ வந்தாள். பெஞ்சில் இருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள். "எந்த மூஞ்சியோட வந்தே?" என்று ஒருத்தி கேட்டாள். டிசெபோ தரையில் உட்கார்ந்து பூசணிக்காயை நறுக்கி முடித்துவிட்டுப் போனாள். மறுநாள், கல்லறையிலிருந்து திரும்புகிறவர்கள் கை கழுவும் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கணவர் அந்த இரும்பு வளையத்தின் மேல் வைத்து அதை மறைத்தார். ஊரே அங்கே கை கழுவியது. நான் கழுவவில்லை.

நேற்று மாலை கணவர் ஒரு நாய்க்குட்டியை வாங்கி வந்து, அதே வளையத்தில் அதே சங்கிலியால் கட்டினார். "பிட்புல் இல்லடி, பயப்படாதே" என்றார். எங்கள் இரண்டு வயது மகள் அதைப் பார்த்துக் கை தட்டினாள். இன்று காலை அவர் வேலைக்குப் போன பிறகு மகளை முதுகில் கட்டிக்கொண்டு, குட்டியை அவிழ்த்துச் சால்வையில் சுற்றி எடுத்து வந்தேன். அது இப்போது என் மடியில் தூங்குகிறது. "இதெல்லாம் கேஸுக்கு எதுக்கும்மா?" என்று இதை எழுதிக்கொள்ளும் சார்ஜண்ட் கேட்டார். "எழுதுங்க ஐயா" என்றேன்.

இதனால் என் கணவர் மீது வழக்கு வரும் என்பதும், நான் இனி அந்த வீட்டுக்குப் போக முடியாது என்பதும் எனக்குத் தெரியும். மொகெதேயை விட்டுவிட வேண்டும். என் மகன் கடைசியாகப் பேசியது அவரிடம்தான். என்ன சொன்னான் என்று நான் அவரைக் கேட்க வேண்டும்.

எழுதியதை சார்ஜண்ட் எங்கள் செசோத்தோ மொழியில் படித்துக் காட்டினார். அத்தனையும் நான் சொன்னது, நடந்தது. என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, இந்தச் சத்தியம் உன் மனசாட்சியைக் கட்டுமா என்று கேட்டார். கட்டும் என்றேன்.

(ஒப்பம்) பு. மொகேலே