நாலாவது வரிசைப் பப்பாளி

— இந்த மரத்த வேரோட எதுக்கு சார் தோண்டறீங்க? அடியில வெட்டிக்கினு போங்களேன்.

— கேளும்மா திலகவதி. வேர்லயும் வைரஸ் இல்லன்னு லேப்ல காட்டினாத்தான் என் ரிப்போர்ட் நிக்கும். ரெண்டு வருஷத்துல பதினோரு ரகம் வெச்சுப் பாத்தோம். எல்லா பப்பாளியும் இலை சுருங்கி, காயில வளையம் வளையமா விழுந்து போயிடுச்சு. நோயைத் தாங்கினது இது ஒண்ணுதான்.

— அது ஒண்ணும் தாங்கல சார்.

— தாங்காமத்தான் இப்படி பச்சைப் பசேல்னு நிக்குதா?

— நான் அதுக்கு சீக்கு தேய்க்கவே இல்ல.

— என்னம்மா சொல்ற? கன்னா இருக்கும்போதே எல்லாத்துக்கும் நோய் இலைச் சாறு தேய்ச்சாச்சுன்னு நீதானே சொன்ன? ஆரணியில பட்டுத் தறிக்குப் பாவு நூல் பிணைக்கிற கை, இலை கிழியாதுன்னுதானே உன்னைக் கூப்பிட்டேன்?

— மத்ததுக்கெல்லாம் தேய்ச்சேன் சார். இதுக்கு வெறுங்கையால தடவி உட்டுட்டேன். கோச்சிக்காதீங்க. எம்புள்ள அதுங்கீழதான் கீறான்.

— எந்தப் புள்ள?

— மொத புள்ள. ஆறு நாளு இருந்தான். பேரு வெக்காத புள்ளய சுடுகாட்டுக்கு எடுத்துகினு போக மாட்டாங்க, சொந்தக் கொல்லையிலயே பொதைச்சிடுவாங்க. இந்தக் கொல்லைய நீங்க குத்தகைக்கு எடுத்து கன்னு வெக்க குழி போட்டப்ப, வாயத் தொறக்காதன்னுட்டாரு எங்க வூட்டுக்காரரு. அவன் மேல நிக்கிற கன்னுக்கு நானே எப்படி சார் சீக்கு வெப்பேன்? உங்க வேலைய கெடுத்துட்டேன், தப்புதான். வேர மட்டும் தொடாதீங்க. கையெடுத்துக் கும்புடறேன்.

— அழாதம்மா. நீ தேய்க்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும், நீயா சொல்றியான்னுதான் தெரியாத மாதிரி கேட்டேன்.

— தெரியுமா?

— இலையில தேய்ச்ச தடமே இல்ல. நீ வீட்டுக்குப் போனதும் நானே தேய்ச்சேன். ஒரு புள்ளி வரல. அடுத்த மாசம் திரும்பத் தேய்ச்சேன், அதுக்கடுத்த மாசமும். நாலு பக்கமும் சீக்கு மரம், நோயைப் பரப்புற அசுவினிப் பூச்சி மொய்க்குது, அப்பவும் வரல. நான் படிச்சவன்தான். ஆனா கேளும்மா, அதுங்கிட்ட தனியாப் போய் நிக்க எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கும்.

— மூணு தரமுமா சார்?

— மூணு தரமும். சாவேனான்னு நிக்குது.

— அப்ப தோண்டுங்க சார். ஜல்தியா தோண்டுங்க. பொதைக்கிறப்ப அவன் ஒடம்பு வெதுவெதுன்னுதான் இருந்திச்சி, நான்தான் யாருகிட்டயும் சொல்லல.