சாக்கில் சுற்றிய அரிவாள்மணை

பாகாலாவில் ரயில் கிளம்பியதும் எதிர் பெஞ்சில் இருந்தவர், மடியில் சாக்கால் சுற்றி வைத்திருந்த அரிவாள்மணையைத் தட்டிவிட்டு மனைவியிடம் சொன்னார்:

“உங்க தாத்தா புளுகி இருக்காரு, ஞானம். இது வானத்துலருந்து விழுந்த இரும்பு இல்லியாம்.”

“அந்தக் காலேஜ் வாத்தியாரே சொன்னாரா?”

“நீ வெளிய உக்காந்துக்கினு இருந்தப்போ ஓரமா ராவி, திராவகம் ஊத்திப் பார்த்தாரு. வானத்து இரும்புன்னா பாய் பின்னுன மாதிரி கோடு தெரியணுமாம். ஒண்ணும் தெரியல. தெரிஞ்சிருந்தா மெட்ராஸ் மியூசியத்துல கண்ணாடிப் பெட்டியில வெச்சி, கீழ என் பேரு எழுதியிருப்பாங்க.”

“அரிஞ்சது நானு. பேரு உங்களுதா?”

அந்த அம்மாள் நிம்மதியாக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“வயல்ல நெருப்பா விழுந்திச்சி, கொல்லன் அடிச்சிக் குடுத்தான்னு முப்பது வருசமா சொல்லிக்கினு இருந்தியே. எல்லாம் கெழவன் கட்டுன கதை.”

உரிப்பது நின்றது.

“இன்னொரு தபா அவர அப்படிச் சொல்லாதீங்க. அவரு குடுத்த அருவாமணை வீட்டுல அரிசிப் பானைக்குப் பின்னால இருக்குது. மியூசியத்துக்குக் குடுத்துட்டு நான் எதுல அரியறது? முப்பது வருசமா அதுல அரிஞ்சதத் துன்னுக்கினு இருக்கீங்க, எதுன்னு தெரியலியே.”

அவர் சாக்கைப் பிரித்து, ராவிய இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“அப்போ இது யாருது?”

“உங்க தங்கச்சிது. எரவல் வாங்கியாந்தேன்.”

சந்திரகிரியில் இறங்கும்போது அவர் சாக்கை மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மாள் வாங்கவில்லை. புடவையிலிருந்த கடலைத் தோலை உதறிவிட்டு முன்னே நடந்தார்.