உங்களுக்கு டேப் கிடையாது

டேப்ப திட்டாதீங்க அங்கிள். என்னைய திட்டுங்க. கட மொதலாளி தவுக்கேய திட்டுங்க, அவரு சாப்பிடப் போயிருக்காரு, வந்தோன்ன நல்லா திட்டுங்க. இந்த டேப்ப மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்கு ஏறிரும்.

நான் கத்தல. என் வாயே இப்படித்தான்.

போன தடவையும் இந்தக் கடையிலதான் வாங்குனீங்களா? அப்ப நான் இங்க இல்ல, இப்பத்தான் சேந்தேன். சரி சொல்லுங்க, பைப்புல எப்படி சுத்துனீங்க? கையில காட்டுங்க. ஓ, அடிபட்ட கால்ல துணி சுத்துற மாதிரி. அலமாக்! அங்கிள், இது சிலிக்கோன். இதுல கோந்தே கிடையாது. தொட்டுப் பாருங்க, ஒட்டுதா? ஒட்டாது. இத இழுக்கணும். பிஞ்சிருமோன்னு பயப்படுற அளவுக்கு இழுத்து, பாதி மேல பாதி ஏறுற மாதிரி சுத்தணும். அப்பத்தான் அதோட அதுவே சேந்து ஒரே ரப்பரா ஆகும். இருங்க, என் வெரல்ல சுத்திக் காட்டுறேன். ம்... பாத்தீங்களா? இப்பப் பிரிங்க பாப்போம். பிரிங்க லா! முடியாது. கத்தி வச்சித்தான் அறுக்கணும். என்னா சாமான் இது! மூவார்ல என் மோட்டர் ரேடியேட்டர் ஓஸு வெடிச்சிருச்சி, இதச் சுத்திட்டு இங்க வரைக்கும் ஓட்டிக்கிட்டு வந்தேன், ஒரு சொட்டு ஒழுகல. மறுநாளே ஓஸ மாத்திட்டேன். மாத்திட்டேன்னு சொன்னேன், கேட்டுச்சா?

தண்ணிய மூடிட்டுத்தான சுத்துனீங்க?

மூடல. வால்வு இறுகிப் போச்சி. சரி. அப்ப தண்ணி பீச்சிக்கிட்டு இருக்கும்போதே, ஈரத்து மேலயே, இழுக்காம சுத்திருக்கீங்க. அப்புறம் கடைக்கு வந்து டேப்பு சரியில்லன்னு சண்ட.

மொறைங்க, பரவால்ல. எந்தப் பைப்பு? சிலிங்குக்கு மேல, தண்ணி டேங்க்லருந்து எறங்குறது. தாமான் வீடு, வரிசையா கட்டுன வீடு. இங்க சிம்பாங் ரெங்கத்துலதான், வாடகைக்கு விட்டிருக்கீங்க. நீங்க இருக்குறது ஸ்கூடாய்ல. அதான பாத்தேன்! உங்க பாய்ல சொட்டுனா இந்நேரம் பைப்பே மாறிருக்கும்.

டேங்குக்கு நேர் கீழ என்னா ரூம்பு? படுக்குற ரூம்பு. யாரு படுக்குறா? குடியிருக்குற அக்கா, கைப்பிள்ளையோட. சரி. அப்ப தொட்டில் எங்க தொங்குது? தெரியாதா? வீட்டுக்காரரு நீங்கதான! நான் சொல்றேன். நம்ம ஆளுங்க வீடோ மலாய்க்காரங்க வீடோ, எல்லாம் ஸ்பிரிங் தொட்டில்தான். சிலிங்ல ஓட்ட போட்டு, மேல இருக்குற மரத்துல இரும்பு ஊக்க திருகி, ஸ்பிரிங்க மாட்டி, அதுல துணிய போட்டு பிள்ளைய ஆட்டுவாங்க. எந்த மரத்துல திருகுவாங்க? தடிச்ச மரத்துல. எது தடிச்ச மரம்? டேங்கு குந்தியிருக்குற மரம்!

மாக்சிக், பல்பு டி சானா, டி சானா! அந்த மலாய்க்கார அம்மா பல்பு கேக்குறாங்க, அந்தப் பக்கம்னேன். நீங்க எங்கயும் போயிறாதீங்க, இன்னும் முடியல.

தைப்பூசத்தப்ப சுத்துனது, அதோட ஒழுகல் நின்னுருச்சிங்கிறீங்க. நிக்கல அங்கிள். எடம் மாறிருச்சி. உங்க டேப்புக்கு உள்ளயே பூந்து, பைப்பு ஓரமா ஓடி, மரத்துல போய் எறங்கிருக்கு. கீழ வாளியில சொட்டல, அதனால உங்களுக்கு சந்தோஷம். மேல மரம் குடிச்சிக்கிட்டே இருந்துச்சி. ஈர மரம்னா கறையான் சும்மா விடுமா?

இப்ப தீபாவளி வருது. காலையில அந்த அக்கா போன் பண்ணி, மறுபடியும் சொட்டுதுன்னு சொன்னாங்க. நீங்க என்னா சொன்னீங்க? இன்னொரு டேப்பு வாங்கிக் கூட ரெண்டு சுத்து சுத்துனா போதும், ப்ளம்பர பொங்கலுக்கு மேல பாக்கலாம். நல்லா ஜிமாட் பண்றீங்க, காச மிச்சம் புடிக்கிறீங்க. உங்க வீட்டு பைப்புல பண்ண வேண்டியதுதான அந்த ஜிமாட்ட! இது எமர்ஜென்சி டேப்பு அங்கிள். ப்ளம்பர் வண்டிய எடுத்து வந்து சேர்ற வரைக்கும் தாங்குறதுக்குத்தான். பண்டிக பண்டிகையா தாங்குறதுக்கு இல்ல.

எத எடுக்குறீங்க? வைங்க. வைங்க அங்கிள், அத அங்கயே வைங்க. உங்களுக்கு விக்க மாட்டேன். தவுக்கேகிட்ட சொல்லுங்க, என்னைய வேலைய விட்டு தூக்கட்டும். ஆமா, திமிருதான். நிறைய இருக்கு.

பாக்காமலே எப்படி சொல்றேனா? யாரு பாக்கல? இன்னைக்குக் காலையில வேலைக்கு வர்றதுக்கு முன்ன அந்த வீட்டுலதான் இருந்தேன். அந்த ஸ்பிரிங்க புடிச்சி சும்மா ஒரு இழு இழுத்தேன். பலம் எல்லாம் போடல. தேத்தூள் மாதிரி மரம் கொட்டுச்சி, ஊக்கு என் கையோட வந்துருச்சி. தொட்டில் தரையில விழுந்துச்சி. பிள்ள அப்ப அதுல இல்ல, அம்மா மடியில பால் குடிச்சிக்கிட்டு இருந்தான். சத்தம் கேட்டு என்னையப் பாத்து சிரிக்கிறான்.

அவங்க ஏன் போன்ல இத சொல்லலன்னு கேக்குறீங்களா? நான்தான் சொல்லாதன்னேன். சொட்டுதுன்னு மட்டும் சொல்லு ரூபினி, உங்க ஹேமநாதன் அங்கிள் என்னா வாங்க வர்றாருன்னு பாப்போம்னேன். இந்தப் பக்கத்துல ஹார்ட்வேர் கட இது ஒண்ணுதான, எப்படியும் என்கிட்டத்தான் வரணும். பைப்பு குடு தம்பின்னு கேட்டிருந்தீங்கன்னா, கடைய அந்தப் பல்பு மாக்சிக்கிட்ட விட்டுட்டாவது நானே வந்து மாட்டிக் குடுத்திருப்பேன். சத்தியமா. காலையிலருந்து பைப்பும் எல்போவும் எடுத்து வச்சிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். நீங்க உள்ள வந்து டேப்பு கேட்டீங்க.

அவங்க ரெண்டு பேரும் எங்க வீட்டுல இருக்காங்க. அந்த வீட்டுக்கு இனிமே வர மாட்டாங்க.

நான் யாரா? அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன். தொட்டில் வாங்கித் தர்றது மாமன் மொறதான, நான்தான் வாங்குனேன். சிலிங்குக்கு மேல ஏறி அந்த ஊக்க திருகுனதும் நான்தான். அன்னைக்கு அந்த மரத்துல ட்ரில்லு எறங்கவே மாட்டேன்னு நின்னுச்சி அங்கிள். அவ்ளோ கெட்டி.