வெளியீட்டுத் தேதியில் ஒரு திருத்தம்

தேநீரில் எலுமிச்சைத் துண்டு போட்டிருக்கிறீர்கள் மேடம், நன்றி. காவல் நிலையத்தில் சர்க்கரை கிடைப்பதே பெரிது என்று நினைத்து வந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் போலந்துச் சினிமா ரசிகர்களுக்கு இணையத்தில் ஒரு விவாதக் குழு உண்டு. எல்லாரும் எல்லாவற்றையும் அங்கேதான் கொட்டுவார்கள். எந்தப் படம் எப்போது வீடியோ கேசட்டில் வருகிறது என்று ஒருவன் கேட்டால், அந்தக் கேள்வி திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நிற்கும். ஒரே படத்துக்கு இரண்டு கேசட் வரும். வெளிநாட்டுப் படமென்றால், மூலக் குரல்களுக்கு மேலே நம் மொழி வசனத்தை ஒன்றில் ஒருவர் படிப்பார், மற்றதில் வேறொருவர். காதலி, கொள்ளைக்காரன், கைக்குழந்தை எல்லாருக்கும் அதே ஒற்றைச் சலித்த ஆண்குரல்தான். அது யாருடைய குரல் என்பது எங்களுக்கு முக்கியம்.

ஆகவே வீட்டில் பார்க்க வெளியாகும் படங்களுக்கு மட்டும் தனிக் குழு வேண்டும் என்று முன்மொழிந்தேன். விதிகளையும் நானே எழுதினேன். தலைப்பை விட்டு யாரும் விலகக் கூடாது. வெளியீட்டுத் தேதியைத் தவறாக அறிவித்தவர் அதைத் தாமே சரிசெய்ய வேண்டும். நியாயமான விதிகள்தான். உறுப்பினர்கள் வாக்களித்து, மூன்றில் இரண்டு பங்கு 'ஆம்' விழுந்தால் குழு பிறந்துவிடும்.

குறுக்கே நின்றவர் விட்டோல்ட். இதே டோருன் நகரத்துக்காரர், தனி ஆள், ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர். அவர் 'வேண்டாம்' என்றால் பாதிப் பேர் 'வேண்டாம்' என்பார்கள். என் முன்மொழிவுக்கு அவர் ஒரே வரியில் பதில் போட்டார்:

"ஏன்யா, வெள்ளரிக்கா ஊறுகாய்க்குன்னு தனியா ஒரு வீடா கட்டுவாங்க?"

மறுநாளிலிருந்து குழுவில் என் பெயர் வெள்ளரிக்காய். என் மனைவி கிரஜினாகூட ஒருநாள் அப்படிக் கூப்பிட்டாள். வலித்தது மேடம். அதை நான் மறைக்கவில்லை.

செப்டம்பரில் வாக்கெடுப்பு. விட்டோல்ட் தன் வாக்கைப் போட்டுவிட்டு, மூட்டு வலிக்காக அரசுச் செலவில் சுகவாச இல்லத்துக்குப் போனார். அங்கே சேற்றுக் குளியல் உண்டு, கணினி கிடையாது. குழுவில் ஒருவரையொருவர் நேரில் பார்த்தவர்கள் இல்லை. இதே ஊர்க்காரன் என்பதால் அவரைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அவரைக் காணோமே என்று எல்லாரும் என்னிடம் கேட்டார்கள். நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டுவார்களே, கறுப்புக் கரை போட்ட மரண அறிவிப்பு, அதைப் போல ஒன்றைக் குழுவில் போட்டேன். கடைசி நாட்களில் அவர் மனம் மாறி, தனிக் குழு வேண்டும் என்று சொன்னதாகவும் சேர்த்தேன். செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதுதானே முறை.

அழுதுகொண்டே 'ஆம்' போட்டார்கள். குழு பிறந்தது.

அக்டோபரில் அவர் திரும்பி வந்தார். "நான் சாகலப்பா, குளிச்சிட்டுதான் இருந்தேன்" என்று எழுதினார். உடனே கிராக்கோவ் நகரத்து யுஸ்டினா பிடித்துக்கொண்டாள். "செத்தவர் பேர்ல எழுத வெக்கமா இல்ல?" அவர் தன் பழைய சண்டைகளையெல்லாம் சாட்சிக்கு இழுத்தார். "பழச எல்லாம் தோண்டிப் படிச்சிட்டு வந்திருக்கான் பாரு" என்று அவரை விரட்டிவிட்டார்கள். நல்ல உறுப்பினர்கள் மேடம், ஒழுங்கை மதிப்பவர்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவர் அதோடு விட்டிருக்கலாம். தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டுச் சிரித்தார்.

"உங்ககிட்ட யாரோ கத விட்டிருக்காங்க. நவம்பர் ஒண்ணாந்தேதி, கல்லறைத் திருநாளுக்கு, என் கல்லறைல விளக்கு வைக்க எல்லாரும் வராங்களாமே? நானே வாசல்ல நின்னு விளக்கு விக்கிறேன். மூஞ்சியப் பாத்தா நம்பித்தானே ஆகணும். அப்புறம் மறுபடியும் ஓட்டுக்கு விட்டுருவோம்."

என்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆனால் மறுவாக்கெடுப்பு என்றால் குழு போய்விடும், நான் மறுபடி வெள்ளரிக்காய் ஆகிவிடுவேன். போதாக்குறைக்கு, தவறான அறிவிப்பைப் போட்டவன் நான். விதியும் என்னுடையது.

மழை பெய்து காடு முழுக்கக் காளான் முளைத்திருந்தது. நம் நாட்டில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் எந்தக் காளானைத் தொடக் கூடாது என்று தெரியும். எனக்கும் தெரியும். அதைத்தான் தேடிப் பறித்தேன். விட்டோல்டைப் பார்க்கப் போய், அவர் வீட்டு அடுப்பிலேயே வெங்காயமும் புளித்த பாலேடும் சேர்த்து, முட்டையோடு வதக்கினேன். எனக்கு வயிறு சரியில்லை என்றேன். என் பங்கையும் அவரே சாப்பிட்டார்.

"கை மணம்யா உங்களுக்கு. ஊறுகா எங்க?" என்றார்.

அந்த வாரமே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். காளானில் ஏமாந்தார் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அவருடைய தங்கை க்டீனியா நகரத்திலிருந்து வந்து அடக்கம் செய்தாள். சவப்பெட்டியின் ஒரு முனையை நானும் தூக்கினேன். அறிவிப்பு முந்திவிட்டது, வெளியீடு கொஞ்சம் தள்ளிப்போயிற்று. எங்கள் துறையில் இது சகஜம்.

நவம்பர் முதல் தேதி எல்லாரும் வந்தார்கள், விளக்கு வைத்தார்கள். யுஸ்டினா மட்டும் கல்லறையருகே குனிந்தபடியே நின்றாள். கேசட் அட்டையில் ஒரு நாள் தப்பாக இருந்தாலும் கண்டுபிடிக்கும் பெண் அவள்.

"நீங்க செப்டம்பர்னு போட்டீங்க. இங்க அக்டோபர்னு இருக்கு?"

"தட்டச்சுப் பிழைம்மா" என்றேன்.

ஊருக்குத் திரும்பியதும் அவள் புதுக் குழுவில் ஒரு திருத்தம் போட்டாள்: முதலில் அறிவித்த தேதி, உண்மையான தேதி, நடுவில் 'நான் சாகலப்பா' என்று எழுதிய மனிதர். அதைப் படித்துவிட்டுத்தான் என்னை அழைத்து வந்திருக்கிறீர்கள். ஆமாம், நான்தான் கொன்றேன். அதில் எனக்குத் தகராறு இல்லை.

ஆனால் அந்தச் செய்தியை அங்கிருந்து நீக்கச் சொல்லுங்கள். அது வீட்டு வெளியீடுகளுக்கான குழு. கொலையைப் பற்றிப் பேசத் தனியாக ஒரு குழு வேண்டும் மேடம். இங்கே ஒரு கணினி கிடைத்தால் முன்மொழிவை நானே எழுதித் தருகிறேன்.